ரோஜா வாசத்துக்கு விழுந்த நிழல்

நான்குவழிச் சாலைக்காக எங்கள் ஊர்ப் புளியமரங்களை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போன வருஷத்துக்கு அடுத்த வருஷம், கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, கூரையில்லாத பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த சீனியம்மாளின் நிழல் பெரிதாகிப் போனது. சீனியம்மாள் நாலே முக்கால் அடி உயரம். நிழலோ ஒரு வேப்பமரம் நின்றால் எவ்வளவு விழுமோ அவ்வளவு விழுந்தது. அதே அடர்த்தி, அதே குளிர்ச்சி, ஓரம் மட்டும் இலை இலையாக இல்லாமல் இதழ் இதழாக இருந்தது.

முதலில் அதற்குள் வந்தது ஒரு வெள்ளாடு. ஆடுகளுக்குச் சகுனம் கிடையாது. ஆட்டுக்குப் பின்னால் குட்டிகள் வந்தன, குட்டிகளுக்குப் பின்னால் ஆட்டுக்காரர் வந்தார், வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னமோ அந்த நிழல் பத்து வருஷமாக அதே இடத்தில் கிடந்ததைப் போல, "பஸ்ஸு போயிருச்சாத்தா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலண்ணே. வந்தா இந்த வெயிலுக்கு அதுவும் இங்கதான் வந்து நிக்கும்" என்றாள் சீனியம்மாள்.

அப்படியேதான் நடந்தது. பஸ் வந்து, முன்சக்கரம் நிழலுக்குள் வருகிற மாதிரி பார்த்து நின்றது.

நிழல் எப்படி வந்தது என்று எங்கள் ஊரில் யாரும் அதிகமாக மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. வாசத்தால் வந்தது என்பது மூக்கு இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. நிலக்கோட்டைக்குப் போகிற வழியில் ஜெயசீலன் என்பவர் சென்ட் கம்பெனி வைத்திருக்கிறார், அங்கே பூ வேகிற அண்டாவைப் பார்த்துக்கொள்கிற வேலை சீனியம்மாளுக்கு. கல்யாண சென்ட்டும் கோயில் சென்ட்டும் வெயிலில் தலைவலி கொடுக்கின்றன, பஸ்ஸில் போகிற பிள்ளைகள், ஆபீஸ் போகிற பிள்ளைகள் கோடையில் பகலில் போட்டுக்கொள்கிற மாதிரி, இப்போதுதான் செடியிலிருந்து பறித்த பன்னீர் ரோஜா மாதிரி ஒன்று வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். மூன்று தடவை பூவை வேகவைத்து வாசத்தை இறக்கினார்கள். ஒரு தடவை மிட்டாய் வாசம் வந்தது, ஒரு தடவை ஊதுபத்தி வாசம் வந்தது, ஒரு தடவை கருகிய வெல்லம் வந்தது. நாலாவது தடவை சீனியம்மாள் யாரையும் கேட்காமல், விடியுமுன் பறித்த பூவை ஆய்ந்து சுத்தம் பண்ணாமல், பச்சைக் காம்பும் பனியுமாக அப்படியே கொட்டி, மேலே ஒரு கை நாரத்தை இலையைப் போட்டு அண்டாவை மூடினாள். திறந்தபோது, தோட்டத்துக்குள் தலையை விட்டது போல இருந்தது.

வாங்க வந்த வியாபாரி மோந்து பார்த்து, "நல்லாருக்கு, ஆனா சாயங்காலம் வரைக்கும்கூட நிக்காது போலயே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். சென்ட் கேனோடு கம்பெனியிலேயே தங்கிவிட்டது.

"பகலுக்குன்னு கேட்டீங்க, பகலுக்கு வந்துருக்கு. ராத்திரில வெயிலா அடிக்குது மொதலாளி?" என்று சீனியம்மாள் சிரித்தாள். அவர் ஒரு சின்னச் சீசாவில் ஊற்றி, "நீயே போட்டுக்க" என்று கொடுத்தார்.

அவள் போட்டுக்கொண்டதுதான் ஊரில் முதல் பேச்சு. நிழல் எல்லாம் இரண்டாவது பேச்சு. சீனியம்மாளின் வீட்டுக்காரர் மாயழகு கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமாக அவள் பூ வைக்கவில்லை, பொட்டு வைக்கவில்லை, நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரே வந்தால் அவளே சந்துக்குள் ஒதுங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் இரண்டு மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் ரோஜா மணக்கத் தெருவில் நடந்தால் கேட்காமல் இருப்பார்களா? மாயழகுவின் அக்கா குருவம்மாள், அந்தக் குடும்பத்தில் எது ஆகும் எது ஆகாது என்று சொல்கிற ஆள், வாசலில் நின்றே கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, இது என்னடி புதுப் பழக்கம்?"

"பூ வைக்கக் கூடாதுன்னுதான மதினி சொன்னீங்க? தலையத் தடவிப் பாருங்க, ஒரு இதழ் இருக்கா? வாசத்தைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

குருவம்மாள் யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் சொல்லவில்லை. யாருமே சொல்லாத ஒன்றை உடனே ஆகாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அதனால் ஒரு வாரம் கழித்துச் சொல்வோம் என்று விட்டுவைத்தாள், அந்த ஒரு வாரத்துக்குள் நிழல் விழுந்துவிட்டது.

நிழல் விழுந்த பிறகு ஊரின் நடப்பு மெல்ல மாறியது, யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை. நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள், சீனியம்மாள் கம்பெனியிலிருந்து திரும்புகிற நேரத்துக்குத் தங்கள் கஞ்சி நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசை, அவள் எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கம் வளைந்தது. தபால்காரர் அவளோடு நடந்தபடியே தபால் கொடுத்தார், அதனால் நிழல் இருந்த நாளெல்லாம் எங்களுக்குத் தபால் எல்லாம் சீனியம்மாள் போகிற வழியில்தான் வந்தது, அவள் போகாத தெருவுக்குப் போகவேயில்லை. துணி தேய்க்கிறவர் மட்டும், "எங்க வீட்டுக் கொடிப்பக்கம் வந்துராதத்தா, துணி காயாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டி.வி.காரர்கள் வந்து படம் எடுத்தார்கள்; படத்தில் எல்லா நிழலையும் போல அதுவும் ஒரு நிழலாகத்தான் தெரிந்தது, மரம் எங்கே என்று கேட்டுவிட்டு, வெட்டிவிட்டார்கள் என்றதும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலாளி மீதிச் சென்ட்டை ஊருக்குக் கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினார்கள். எல்லோருக்கும் வாசம் வந்தது, ஒருத்தருக்கும் நிழல் வரவில்லை. குருவம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு அரைச் சீசாவைக் கழுத்து, கை, முழங்கால் என்று பூசிக்கொண்டு முற்றத்தில் நின்றாள், குளவிதான் வந்தது.

இத்தனைக்கும் பழைய சகுனம் போய்விடவில்லை. அதுதான் எங்கள் ஊர். காலையில் பத்து மணிக்கு முன்னால், பெண் பார்க்கப் போகிறவர்களும் பரீட்சைக்குப் போகிறவர்களும் சீனியம்மாளைத் தூரத்தில் பார்த்ததுமே வேறு தெருவில் திரும்புவார்கள். பத்து மணிக்குப் பின்னால் அதே ஆட்கள் அவளைத் தேடிக்கொண்டு வருவார்கள். வந்தாலும் அவள் முகத்தில் முழிக்கக் கூடாதே, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நிழலுக்குள் வந்ததும் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார்கள். பஸ் ஸ்டாப்பில் இருபது முப்பது பேர் வட்டமாக, எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டு, நடுவில் சீனியம்மாள் தனியாக நிற்பாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டே வெற்றிலை கொடுப்பார்கள், கையைப் பின்னால் நீட்டி.

"எனக்கு இந்த ஊர்ல எல்லாரு முதுகும் மனப்பாடம். சட்டைய வெச்சே ஆளச் சொல்லிருவேன்" என்று அவள் மகளிடம் சொல்வாள்.

மகள் பெயர் மோனிஷா. நர்சிங் படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் வேலை பார்த்தாள். அவளுக்குத்தான் வைகாசி ஆறாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை அழகுராஜா மஸ்கட்டிலிருந்து இருபதே நாள் லீவில் வருகிறார், அந்த இருபது நாளில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் பொருந்தியது, அது கத்திரியின் நடுவில், பகல் பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் விழுந்தது.

மாயழகு குடும்பத்துக் கல்யாணங்கள் எல்லாம் வெயிலாடி அம்மன் முன்னால்தான் நடக்கும். வெயிலாடிக்குக் கோயில் கிடையாது. பொட்டலில் ஒரு கல்லாக நிற்கிறாள், அவளைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் சதுரமாக ஒரு கோடு. கோட்டுக்குள்ளே கூரை ஆகாது, பந்தல் ஆகாது, குடை ஆகாது, மரம் ஆகாது. வெயிலைத் தலையில் வாங்கிக்கொண்டுதான் அவள் முன்னால் தாலி கட்ட வேண்டும். அதனால் அந்தக் குடும்பத்தில் தை மாதம் விடியற்காலம் தவிர யாரும் கல்யாணம் வைத்ததில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. புருஷனை இழந்தவர்கள் கோட்டுக்கு வெளியே, மேளக்காரர்களுக்கும் பின்னால் நிற்க வேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் அப்படித்தான். அங்கே நின்றால் கெட்டிமேளம் கேட்கும், தாலி தெரியாது.

சீனியம்மாளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று முடிச்சையும், ஒவ்வொன்றாக. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாள் மோனிஷா, "கல்யாணத்தன்னிக்கு நீ எங்கம்மா நிப்ப?" என்று கேட்டபோது, "காது நல்லாக் கேக்குதுடி எனக்கு" என்று மட்டும் சொன்னாள். மோனிஷாவுக்குப் புரிந்துவிட்டது.

வெயிலைப் பற்றித்தான் இரண்டு வீட்டுக்கும் பயம். மாப்பிள்ளை வீட்டில் வயசாளிகள் ஜாஸ்தி. குருவம்மாள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்: சீனியம்மாளைக் கோட்டுக்குக் கிழக்கே வெளியில் நிறுத்துவோம், காலை வெயிலுக்கு நிழல் மேற்கே விழும், மணையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மேல் சரியாக விழும். ஆனால் வெயிலாடி முன்னால் நிழல் ஆகுமா? பூசாரி கோட்டைச்சாமியிடம் போய்க் கேட்டார்கள். அவர் இரண்டு நாள் யோசித்தார்.

"கூரை ஆகாது, குடை ஆகாது, மரம் ஆகாது. ஆனா ஆளோட நிழலு ஆகாதுன்னு யாரும் சொல்லல. நான் பூசை வெக்கும்போது என் நிழலும் அவ மேலதான விழுது? இது மரத்து நிழலும் இல்ல, பந்தல் நிழலும் இல்ல. சீனியம்மா நிழலு. ஆள் நிழலு உள்ள வரலாம்."

"ஆளு?" என்று கேட்டது மோனிஷா.

"ஆளு வெளிய" என்றாள் குருவம்மாள்.

வைகாசி ஆறாம் தேதி காலையில் சீனியம்மாள் குளித்து, இரண்டு மணிக்கட்டிலும் மட்டும் வாசத்தைத் தேய்த்துக்கொண்டு, காய்ந்த பிறகு பழைய பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒன்பதரைக்கெல்லாம் கோட்டுக்குக் கிழக்கே ஏழெட்டு அடி தள்ளிப் போய் நின்றாள். மேளக்காரர்கள் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நிழல் அவர்களைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, மணை போட்டிருந்த இடத்தில் ஜமக்காளம் விரித்த மாதிரி விழுந்தது. பொட்டல் முழுக்கப் பன்னீர் ரோஜா மணத்தது. பத்தரைக்குத் தாலி கட்டியிருந்தால் எல்லாம் குருவம்மாள் நினைத்தபடியே முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வத்தலக்குண்டு தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தண்ணீர்க் கேன்களை எல்லாம் அதற்கு ஊற்றி, ஆறவைத்து, தள்ளி, ஓட்டிக்கொண்டு வந்து சேரும்போது பதினொன்றே கால். மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டி, மாலை போட்டு, மணையில் உட்காரவைக்கும்போது பதினொன்றரை. இந்த நேரமெல்லாம் மோனிஷா மணையில் உட்கார்ந்திருந்தாள். இந்த நேரமெல்லாம் சூரியனும் ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற நிழல் மேற்கிலிருந்து சுருங்கிச் சுருங்கி, மோனிஷாவின் முதுகைவிட்டு, தோளைவிட்டு, மடியைவிட்டு, சீனியம்மாளின் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏத்தா, நெழலு போகுது. கொஞ்சம் முன்னால வா" என்று குரல் கொடுத்தாள் குருவம்மாள்.

சீனியம்மாள் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் வந்தாள். நிழல் மடிவரை போனது. ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்."

மேளக்காரர்களைத் தாண்டி வந்தாள். அங்கிருந்தே மகளின் முகம் தெரிந்தது. நெற்றிச் சுட்டிக்குக் கீழே பவுடர் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. பூசாரி மந்திரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "அம்மா, கடுகு போட்டாப் பொரியும் போலருக்கு, சட்டுனு வாங்கம்மா" என்றார்.

"கோட்டுக்கிட்ட வா" என்றாள் குருவம்மாள். வந்தாள். "கோட்டு மேல நில்லு." நின்றாள். வெயில் இப்போது உச்சந்தலைக்கு நேராக வந்துவிட்டது. நிழல் எந்தப் பக்கமும் சாயாமல், சீனியம்மாளைச் சுற்றி மட்டும் வட்டமாக, இதழ் இதழாகக் கிடந்தது. அதன் விளிம்பு மணைக்கு இரண்டு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. மோனிஷா கண்களை மூடிக்கொண்டு, உடம்பு லேசாக ஆட, உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று நாற்பத்தெட்டு.

"நெழல மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளுடி."

"அதென்ன சைக்கிளா மதினி தள்றதுக்கு? நான் வந்தாத்தான் அதுவும் வரும்."

மேளம் நின்றது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். கோட்டைச்சாமி கற்பூரத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார், பிறகு குருவம்மாளைப் பார்த்தார்.

"ஆள் நிழலு உள்ள வரலாம்னு நான்தான் சொன்னேன். ஆளில்லாம அது எப்பிடி வரும்னு அன்னைக்கு எனக்குத் தோணல. உனக்கும் தோணல" என்றார்.

குருவம்மாளின் முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. அவளும் முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டுக்கு வெளியே தன் அம்மாவை நிறுத்திவிட்டு, இதே மணையில் உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டவள்தான். அம்மா எங்கே நின்றாள் என்று அன்றைக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள வா" என்றாள்.

சீனியம்மாள் நகரவில்லை. கோட்டின் மேலேயே நின்றாள். மணி போய்க்கொண்டிருந்தது, அது அவளுக்கும் தெரியும். மகள் வெயிலில் வாடுவதும் தெரிந்தது, ஆனாலும் கேட்டாள்.

"யாரக் கூப்புடுறீங்க மதினி? நெழலயா?"

குருவம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"மோனிஷாவப் பெத்தவளத்தாண்டி கூப்புடுறேன். எந்தம்பி பொண்டாட்டிய. வந்து தொல, நேரமாகுது."

சீனியம்மாள் கோட்டைத் தாண்டினாள். நிழல் அவளுக்கு முன்னால் போய் மோனிஷாவின் மேல் ஏறியது, மாப்பிள்ளை மேல் ஏறியது, பூசாரி மேல் ஏறியது, பெரியப்பா வரைக்கும் போய், அவர் "அப்பாடா" என்றார். மோனிஷா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அம்மா நிற்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்போது தாரை வார்க்கும் நேரம். குருவம்மாளும் அவள் வீட்டுக்காரரும்தான் பெண்ணைத் தாரை வார்ப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் கைமேல் மோனிஷாவின் கை, அதன்மேல் வெற்றிலை, மேலே செம்பிலிருந்து தண்ணீர் விழ வேண்டும். குருவம்மாள் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் விழப்போகிற நொடியில் மோனிஷா எட்டி, அம்மாவின் இரண்டு கைகளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. குருவம்மாள் செம்பை நிமிர்த்தியிருக்கலாம். நிமிர்த்தவில்லை. தண்ணீர் வெற்றிலையில் விழுந்து, மோனிஷாவின் விரல்களில் வழிந்து, சீனியம்மாளின் மணிக்கட்டுகளை நனைத்து, தரையில் சொட்டியது.

சொட்டிய இடத்தில் ஒரு நொடி ரோஜா வாசம் குப்பென்று எழுந்தது. பிறகு நிழல் போய்விட்டது.

எல்லோர் தலையிலும் வெயில் விழுந்தது. சீனியம்மாள் கீழே பார்த்தாள். நாலே முக்கால் அடி உயரத்துப் பெண்ணுக்கு உச்சி வெயிலில் எவ்வளவு நிழல் விழுமோ அவ்வளவுதான் கிடந்தது, காலுக்குக் கீழே, ஒரு தட்டு அளவுக்கு. இனிமேல் அங்கே நிற்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அவளே ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"நெழலு போயிருச்சே" என்றார் பெரியப்பா.

"போனாப் போகுது" என்றாள் குருவம்மாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒரு கை அட்சதையை அள்ளிப் பின்னால் நீட்டினாள். பழக்கத்தில் முதுகைத்தான் காட்டியிருந்தாள். பாதியில் நிறுத்தி, திரும்பி, சீனியம்மாளின் முகத்தைப் பார்த்து, ஈரக் கையைப் பிடித்து அதில் அட்சதையை வைத்து மூடினாள். "நீ எங்க போற? நின்ன எடத்துல நில்லு. அய்யா, கட்டச் சொல்லுங்க. வெயிலாடிக்கு வெயிலு கெடச்சுருச்சு."

பதினொன்று ஐம்பத்தாறுக்கு, கொளுத்துகிற வெயிலில், அழகுராஜா தாலி கட்டினார். சீனியம்மாள் மூன்று முடிச்சையும் பார்த்தாள். முதல் முடிச்சு சரியாக விழவில்லை, மாப்பிள்ளைக்குக் கை வழுக்கியது, அதையும் பார்த்தாள். அட்சதையைப் போட மறந்துவிட்டாள், அது அவள் கைச்சூட்டிலும் ஈரத்திலும் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உள்ளங்கையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த நிழல் வரவில்லை. மறுநாள் அதே வாசத்தைத்தான் போட்டுக்கொண்டு போனாள், வாசம் வந்தது, நிழல் வரவில்லை. ஊரில் நாலு நாள் வருத்தப்பட்டார்கள். தபால் பழையபடி எல்லாத் தெருவுக்கும் போனது. பஸ் ஸ்டாப்புக்கு மேலே போட ஒரு தகரம் கேட்டு மனு எழுதினார்கள், அது இன்னும் வந்தபாடில்லை. முதலாளி மட்டும் அந்தச் சென்ட்டை இப்போது சின்னச் சின்னச் சீசாவில் அடைத்துக் கோடைக்கு விற்கிறார். வெயிலில் போகிற பிள்ளைகள் வாங்குகிறார்கள், சாயங்காலம் வரைக்கும்கூட நிற்காது என்று அவரே சொல்லித்தான் கொடுக்கிறார்.

இந்தக் கத்திரியிலும் பகல் பதினொரு மணிக்கு சீனியம்மாள் அங்கே நிற்கிறாள், ரோஜா மணக்க. முதலில் ஆடுகள் வருகின்றன. அதுகளுக்குப் பழக்கம் விடவில்லை. பின்னால் ஆட்டுக்காரர் வருகிறார், நூறுநாள் வேலைக்காரப் பெண்கள் வருகிறார்கள், குருவம்மாள் வருகிறாள். வெயிலில் கண் கூசுகிறது என்று எல்லோரும் கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, சுற்றி வட்டமாக, சீனியம்மாளைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.